மாவு பொங்குது மச்சி!

காய்ச்சல் வந்தாத்தான் பிரெட். நம்மில் பாதிப் பேருக்குச் சின்ன வயசு பிரெட் ஞாபகம் இதுவாகத்தான் இருக்கும். தலைமாட்டில் தைலம், தம்ளரில் சுடுபால், அதில் நனைத்து நனைத்து உள்ளே தள்ளுகிற வெள்ளை ரொட்டி. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு கையில் ஆப்பிள், இன்னொரு கையில் பிரெட் பாக்கெட். ‘‘நல்லா இருக்கிறவன் எவனாவது பிரெட் திங்கிறானா?’’னு கேட்கிற ஊர் நம்ம ஊர். அப்படிப்பட்ட ஊரில், உடம்பில் ஒரு டிகிரி ஜுரம்கூட இல்லாமல், சொந்தக் காசில் மைதா வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படி மேடையில் மாவைப் போட்டு அடித்துத் துவைத்துக் கொண்டிருந்தால் வீட்டில் என்ன சொல்வாங்க?

‘‘புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு’’னு சொல்வாங்க. எங்க வீட்ல சொன்னாங்க!

கதை இதுதான் பாஸ். 2022-ல இன்ஜினீயரிங் முடிச்சேன். கையில் ஒரு ஐ.டி. கம்பெனியோட ஆஃபர் லெட்டர். தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாச்சு. ஆனா, ஜாயினிங் தேதி மட்டும் வரலை. மாசாமாசம் ‘விரைவில் தெரிவிக்கிறோம்’னு ஒரு மெயில். அதுக்கு மேல அவங்களும் எதுவும் சொல்லலை, நானும் கேட்கத் துணியலை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் இப்படிக் காத்துக் கிடந்த பசங்க தமிழ்நாடு பூரா இருந்தாங்க. வேலை இல்லாதவன்னும் சொல்லிக்க முடியாது, வேலை இருக்குன்னும் சொல்லிக்க முடியாது. மதுரையில், மாடி வீட்டில், காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் என்ன பண்றதுன்னே தெரியாத ஒரு வாழ்க்கை. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுறவர். எஜுகேஷன் லோனுக்கு பேங்க்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காம போனை டேபிள்ல கவுத்து வைப்பார். அதுதான் ரொம்ப வலிக்கும்.

அந்த நேரம் பார்த்து அத்தை வீடு காலி பண்ணி பெங்களூரு போனாங்க. ‘‘இது எங்களுக்கு எதுக்கு, நீ வெச்சுக்கடா’’னு ஒரு பழைய ஓ.டி.ஜி. அடுப்பை என் தலையில் கட்டிட்டுப் போயிட்டாங்க. டி.வி. மாதிரி ஒரு பெட்டி, மூணு திருகு, உள்ளே மேலும் கீழும் கம்பிச் சுருள். சும்மா கிடக்கிறவனுக்கு ஒரு சும்மா கிடந்த அடுப்பு. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்!

முதல் பிரெட் சுட்டேன். அதை பிரெட் என்று சொன்னால் பிரெட் கோவிச்சுக்கும். அம்மியில் வைத்துத் தட்டினா அம்மி உடையும். தங்கச்சி அதை வாசல் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக்கொடுத்து வெச்சிருந்தா. சத்தியமா!

என்ன தப்புன்னு கண்டுபிடிக்க எனக்கு மூணு பிரெட் ஆச்சு. உங்களுக்கு மூணு வரியில சொல்லிடறேன். நான் ஈஸ்ட்டை நல்லா கொதிச்ச பால்ல போட்டிருந்தேன். ஈஸ்ட் ஒரு உயிர் மச்சி! ஒரே செல் கொண்ட காளான் வகை. சாக்கரோமைசிஸ் செரிவிசியேங்கிறது அதோட முழுப் பேர். சர்க்கரையைத் தின்னுட்டு கார்பன் டை ஆக்ஸைடையும் ஆல்கஹாலையும் வெளியே விடும். இந்த வாயுதான் மாவைப் பலூன் மாதிரி ஊதுது. ஆல்கஹால் அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் பறந்துடும், கவலைப்படாதீங்க. ஆனா, 55, 60 டிகிரி சூடு பட்டாலே ஈஸ்ட் செத்துப்போகும். நான் கொதிக்கிற பாலை ஊத்தி கும்பல் கும்பலா கொலை பண்ணிட்டு, ‘‘ஏன் உப்பலை?’’னு உட்கார்ந்து அழுதிருக்கேன்.

அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க. ‘‘ஏன்டா, இட்லி மாவு புளிக்கிறதை தினமும் பார்க்கிறே. சுடுதண்ணி ஊத்தியா வெக்கிறேன்?’’ அட, ஆமால்ல! இட்லி மாவைப் பொங்க வைக்கிறது ஈஸ்ட்டைவிட லாக்டிக் அமில பாக்டீரியா கோஷ்டிதான். உளுந்தோடயே ஒட்டிக்கிட்டு வந்துடும். ஆனா, வேலை ஒண்ணுதான். சாப்பிடுது, காத்து விடுது, மாவு பொங்குது. ஒரு வகையில நம்ம வீட்டு அம்மாக்கள் எல்லாருமே பாதி பேக்கர்ங்க. அவங்களுக்கு அது தெரியாது. நாமளும் சொன்னதில்லை.

அடுத்த வில்லன் மதுரை வெயில். புத்தகத்தில் இருக்கிற ரெசிப்பியெல்லாம் குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. ‘கதகதப்பான இடத்தில் ஒன்றரை மணி நேரம் வைக்கவும்’னு போட்டிருக்கும். கதகதப்பான இடமா? ஏப்ரல் மாசம் எங்க வீட்டில் கதகதப்பு இல்லாத இடம்னா ஃப்ரிட்ஜ் மட்டும்தான்! ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் போய்ப் பார்த்தா மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிஞ்சு, தொட்டா பொசுக்குனு அமுங்கி, கள்ளு வாசனை அடிக்கும். சுட்டா மேல குழி விழும். உள்ளே பெரிய பெரிய பொந்து.

இதுக்கு விடை எனக்குக் கிடைச்ச இடம் எங்க தெரு முனை பேக்கரி. பின்பக்கம் விறகு அடுப்பு வெச்சு பன் சுடுற பழைய கடை. மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டிய வயசு. விடியக் காலையில போய் நின்னேன். முதல் நாள் பேசவே இல்லை. ரெண்டாவது நாள், ‘‘என்ன தம்பி, பன்னு வேணுமா?’’ன்னார். மூணாவது நாள் விஷயத்தைச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே மாவு பிசையற மெஷினைக் காட்டினார். உள்ளே மாவோட சேர்ந்து கடகடன்னு உருண்டுக்கிட்டிருந்தது ஐஸ் கட்டி!

‘‘சித்திரையில பச்சத்தண்ணி ஊத்துனா மாவு பிசையும்போதே புளிச்சுடும். மெஷின் சுத்துறதுலயும் சூடு ஏறும். தண்ணியில ஐஸைப் போடு. மாவைத் தொட்டா உள்ளங்கைக்கு ஜில்லுன்னு இருக்கணும்’’ன்னார். அவ்வளவுதான் பாடம்! பேக்கிங் படிச்சவங்க இதையே மாவோட வெப்பநிலை 24-லேருந்து 27 டிகிரிக்குள்ள இருக்கணும்னு சொல்லுவாங்க. ரூமும் மைதாவும் 35 டிகிரியில கொதிக்கும்போது, நாம மாத்தக்கூடிய ஒரே சமாச்சாரம் தண்ணி. அன்னிக்கு ராத்திரியே ஃப்ரிட்ஜ் தண்ணியில் பிசைந்தேன். நாற்பத்தஞ்சு நிமிஷத்தில் மாவு அழகா ரெண்டு மடங்கு ஆச்சு. ஒரு விரலால் குத்திப் பார்த்தா, குழி மெதுவா பாதி மேலே வந்து நின்னது. அதுதான் பதம். குழி உடனே நிரம்பினா இன்னும் பொங்கணும். குழி அப்படியே நின்னா காரியம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். விரலைவிட நல்ல கடிகாரம் இதில் கிடையாது.

ராத்திரி பதினொன்றரைக்கு அந்த பிரெட் வெளியே வந்தது. பழுப்பா, பளபளன்னு, டின்னை விட்டு ஒரு இஞ்ச் எட்டிப் பார்த்துக்கிட்டு! அடியில தட்டினா ‘டொக் டொக்’னு காலிப் பெட்டி மாதிரி சத்தம். உள்ளே வெந்துடுச்சுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். வாசனைக்கு அம்மா, தங்கச்சி ரெண்டு பேரும் எந்திரிச்சு வந்துட்டாங்க. ‘ஆறின பிறகுதான் அறுக்கணும்’னு எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. உள்ளே ஆவியும் மாவும் செட்டில் ஆக ஒரு மணி நேரமாவது வேணும், இல்லைன்னா பிசுபிசுன்னு கத்தியில ஒட்டும். எல்லாம் கரெக்ட். நாங்க ஏழு நிமிஷத்தில் பாதியை முடிச்சிருந்தோம். அப்பா மட்டும் வரலை.

சரி, பிசையற கதைக்கு வருவோம். இது புரியாதவங்கதான் பாதியில ஓடிப் போறாங்க.

மைதாவில் குளூட்டெனின், கிளையாடின்னு ரெண்டு புரதம் இருக்கு. தண்ணி பட்டு, பிசையப் பிசைய, இது ரெண்டும் கைகோத்து குளூட்டன்னு ஒரு ரப்பர் வலையா மாறும். ஈஸ்ட் விடுற காத்தைப் பிடிச்சு வெக்கிறது இந்த வலைதான். வலை இல்லைன்னா பலூன் இல்லை. இட்லியில் இந்தப் புரதம் இல்லாததாலதான் இட்லி இட்லியா இருக்கு, பிரெட் பிரெட்டா இருக்கு. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கையால் பிசையணும். உள்ளங்கையால முன்னே தள்ளு, மடி, திருப்பு, மறுபடி தள்ளு. முதல் நாலு நிமிஷம் மாவு கையெல்லாம் ஒட்டி அசிங்கமா இருக்கும். அப்ப பயந்து மேல மேல மைதா தூவினீங்கன்னா செங்கல் நிச்சயம். பொறுங்க. ஆறாவது நிமிஷத்துக்கு மேல தானா கையை விட்டு வந்துடும்.

போதும்னு எப்படித் தெரியும்? ஒரு எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி ரெண்டு கையாலும் மெதுவா விரிங்க. கிழியாம, அந்தப் பக்க வெளிச்சம் தெரியற அளவுக்கு விரிஞ்சா முடிஞ்சது. வெளிநாட்டுக்காரங்க இதை ‘ஜன்னல் டெஸ்ட்’னு சொல்றாங்க. மதுரைக்காரனுக்கு இதில் என்ன ஆச்சரியம்? சாயங்காலமானா தெருவுக்குத் தெரு பரோட்டா மாஸ்டர்கள் மைதாவை வீசி, பேப்பர் மாதிரி விரிச்சு, அடுப்பு வெளிச்சம் தெரிய வெக்கிறாங்களே, அது என்னவாம்? அதே குளூட்டன், அதே டெஸ்ட். பிரான்ஸில் ரெய்மோன் கால்வெல்னு ஒரு பேக்கிங் பேராசிரியர். மாவையும் தண்ணியையும் மட்டும் கலந்து கொஞ்ச நேரம் சும்மா விட்டா பிசையற வேலை குறையும்னு 1974-ல் சொன்னார். உலகமே அவரைக் கொண்டாடுது. எங்கம்மா சப்பாத்தி மாவை அரை மணி நேரம் துணி போட்டு மூடி வெக்கிறாங்க. கொண்டாட ஆளில்லை!

‘பிசையறதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா’ங்கிற சோம்பேறித் திலகங்களுக்கும் ஒரு வழி இருக்கு. நியூயார்க்கில் ஜிம் லேஹின்னு ஒரு பேக்கரிக்காரர். பிசையவே வேணாம், ஈஸ்ட்டை கால் ஸ்பூனாகக் குறைச்சு, தண்ணியைக் கூட்டி, சும்மா கலந்து 12-லேருந்து 18 மணி நேரம் விட்டுடுங்க, நேரமே பிசைஞ்சு கொடுக்கும்னார். 2006 நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் இந்த முறை வந்ததும் ஊரே கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுட ஆரம்பிச்சது. கனமான மூடி போட்ட இரும்புப் பாத்திரத்தை நல்லா காய வெச்சு, அதுக்குள்ள மாவைப் போட்டு மூடினா, மாவில் இருந்து வர்ற ஆவியே மேல் தோலை மொறுமொறுன்னு ஆக்கிடும். நம்ம வெயிலுக்கு 18 மணி நேரம் வெளியே வெச்சா கதை கந்தல். ரெண்டு மணி நேரம் வெளியே, மிச்ச நேரம் ஃப்ரிட்ஜ். நான் பண்ணிப் பார்த்தேன், ஓடுது.

‘ஓ.டி.ஜி. இல்லையே’ன்னு மூக்கை உறிஞ்சாதீங்க. என் காலேஜ் தோஸ்த் ஒருத்தன் சென்னையில் நாலு பேர் ரூம்ல, பிரஷர் குக்கர்ல பன் சுடுறான். குக்கர் அடியில ரெண்டு இஞ்ச் கல்லுப்பு. அதுமேல ஒரு ஸ்டாண்டு. கேஸ்கட்டும் கிடையாது, வெயிட்டும் கிடையாது. இந்த ரெண்டையும் கழட்டியே ஆகணும், மறந்துடாதீங்க. மூடி போட்டு பத்து நிமிஷம் சூடேத்தி, உள்ளே அலுமினியத் தட்டில் பன் உருண்டைகளை வெச்சு, சிம்மில் அரை மணி. அடி சிவக்கும். மேல மட்டும் வெளுத்துத்தான் இருக்கும். அதைத் தோசைக்கல்லில் கவுத்துப் போட்டு வெண்ணெய் தடவி சுட்டுடுவான். பன் பட்டர் ஜாம் ஊர்க்காரனுக்கு அது போதாதா?

கோவையில் ஒரு மைக்ரோபயாலஜி மாணவி. பேர் போடக் கூடாதுங்கிறது கண்டிஷன். காரணம், ஹாஸ்டல் வார்டன். கடையில் வாங்குற ஈஸ்ட்டே இல்லாம, வெறும் கோதுமை மாவும் தண்ணியும் கலந்து ஒரு பாட்டில்ல வெச்சு, தினமும் கொஞ்சம் எடுத்துக் கொட்டிட்டு புது மாவு ஊட்டி வளர்த்திருக்காங்க. சவர்டோ! மாவிலேயே இருக்கிற காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் பழக்கி எடுக்கிற வித்தை.

‘‘மூணாவது நாள் பயங்கரமா பொங்கும். ஆஹா ஜெயிச்சுட்டோம்னு நினைப்போம். ஆனா, அது ஈஸ்ட் இல்லை, வேற பாக்டீரியா. நாத்தம் அடிக்கும். அடுத்த ரெண்டு நாள் செத்த மாதிரி கிடக்கும். நிறைய பேர் அங்கதான் தூக்கிப் போட்டுடுவாங்க. அமிலம் ஏறி, கெட்ட கும்பல் ஒழிஞ்ச பிறகுதான் ஈஸ்ட் தலையெடுக்கும். ஒரு வாரம், பத்து நாள் பொறுக்கணும்’’னு லெக்சர் எடுத்தாங்க. அந்த மூணாவது நாள் நாத்தத்துக்குத்தான் வார்டன் வந்தது. ‘‘செத்த எலி எங்கே?’’ன்னு கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்காங்க! லேப் ரெக்கார்டுக்கு சாம்பிள்னு சொல்லி தப்பிச்சாச்சு. ஆனா, செமஸ்டர் லீவில் ரூம் சுத்தம் பண்ணவங்க பாட்டிலைக் கழுவிக் கவுத்துட்டாங்க. எட்டு மாசக் குழந்தை! அழுதீங்களான்னு கேட்டேன். ‘‘ரெண்டு நாள் சாப்பிடலை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஒரு ஸ்பூனை பிளாஸ்டிக் ஷீட்ல தடவிக் காய வெச்சு நோட்டுக்குள்ள வெச்சிருந்தேன்.’’ அந்தப் பொருக்கை தண்ணியில் கரைச்சு, மாவு ஊட்டி, நாலு நாளில் உயிரோட கொண்டுவந்துட்டாங்க. தினமும் கொட்டுற மிச்ச மாவை என்ன பண்றீங்கன்னேன். ‘‘தோசை’’ன்னாங்க. பின்னே?

இப்ப ஒரு பேனாவை எடுங்க. முதல் பிரெட்டுக்கான கணக்கு. கப், ஸ்பூனெல்லாம் நம்பாதீங்க. சின்னதா ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்க, ஓ.டி.ஜி.யைவிட அதுதான் முக்கியம். 300 கிராம் மைதா. 185 கிராம் தண்ணி, வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணி. 6 கிராம் உப்பு. 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். சர்க்கரை 15, வெண்ணெய் 15. பேக்கரிக் கணக்கே ஒரு அழகு. மைதாவை நூறுன்னு வெச்சு மத்தது எல்லாம் அதுக்கு எத்தனை சதவிகிதம்னு பார்ப்பாங்க. தண்ணி 62, உப்பு 2, ஈஸ்ட் 1. இதை மனப்பாடம் பண்ணிட்டா ஒரு பன்னுக்கும் நூறு பன்னுக்கும் ஒரே ஃபார்முலா. வெண்ணெய் தவிர எல்லாத்தையும் கலந்து, இருபது நிமிஷம் மூடி வெச்சுட்டு, வெண்ணெய் சேர்த்துப் பிசைங்க. ரெண்டு மடங்கு பொங்க விடுங்க. அமுக்கிக் காத்தை எடுத்து, பாய் மாதிரி இறுக்கமா சுருட்டி, எண்ணெய் தடவின டின்னில் போடுங்க. டின் விளிம்பைத் தாண்டினதும், ஏற்கெனவே பத்து நிமிஷம் சூடாக்கின அடுப்பில் 190 டிகிரியில் 30-லேருந்து 35 நிமிஷம். மேல சீக்கிரம் கறுத்தா ஃபாயில் போட்டு மூடுங்க. உப்பை மட்டும் மறந்துடாதீங்க. நான் ஒரு தடவை மறந்தேன். ஈஸ்ட்டுக்குக் கடிவாளமே உப்புதான். தறிகெட்டுப் பொங்கி, சுட்டெடுத்தா அட்டையை மெல்ற மாதிரி ஒரு ருசி.

முழுக்க கோதுமையில் பண்ணலாமேன்னு ஒரு உத்தமர் எல்லா வீட்டிலும் இருப்பார். நம்ம ஆட்டா சப்பாத்திக்குன்னு நைஸா அரைச்சது. தவிடு குளூட்டன் வலையை அறுத்துடும். முதல் தடவையே முழு ஆட்டான்னா கதவுக்கு முட்டு ரெடி. பாதிக்குப் பாதி கலங்க, தண்ணியை இன்னும் 20, 25 கிராம் கூட்டுங்க.

‘வீட்டில் சுட்டது, அதனால ஆரோக்கியம்’னு நான் ரீல் விட மாட்டேன். மைதா உங்க வீட்டில் வெந்தாலும் மைதாதான். ஆனா, உள்ளே என்ன போகுதுன்னு தெரியும். 2016 மே மாசம், டெல்லியில் விற்ற பிரெட், பன் வகையறாக்களைச் சோதனை பண்ணி, 38 சாம்பிளில் 84 சதவிகிதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருக்குன்னு சி.எஸ்.இ. அமைப்பு அறிவிச்சது. மாவை வெளுப்பா, மெத்துன்னு ஆக்குறதுக்குப் போடுற சரக்கு. அடுத்த மாசமே புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து தூக்கிட்டாங்க. நம்ம பிரெட்டில் அந்தப் பிரச்னை இல்லை. கெடாமல் காக்கிற மருந்தும் இல்லை. அதனால மதுரை வெயிலில் மூணாவது நாள் பூஞ்சை பிடிக்கும். ஃப்ரிட்ஜில் வெச்சா வறட்டியாகும், ஸ்டார்ச் அந்தக் குளிரில்தான் சீக்கிரம் இறுகும். ரெண்டு நாளில் தின்னுட முடியலைன்னா துண்டு போட்டு ஃப்ரீஸரில் வெச்சுக்கோங்க.

அதெல்லாம் இருக்கட்டும். எங்கப்பா கதைக்கு வர்றேன்.

அவர் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லை. கரன்ட் மீட்டரைத்தான் பார்ப்பார். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் போக மிச்சம் எவ்வளவுன்னு பேப்பர்ல குறிச்சு வெப்பார். ஒரு தடவை சுட்டா கிட்டத்தட்ட ஒரு யூனிட். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டார். ‘‘இதுல என்ன வருது?’’

பதில் இல்லை எங்கிட்ட. ஒண்ணும் வராதுப்பா, காலையில எந்திரிக்க ஒரு காரணம் வருதுன்னு சொல்லியிருக்கலாம். அதை எந்த அப்பாகிட்ட எந்தப் பையன் சொல்லியிருக்கான்? அதனால ரோஷம் வந்து, ‘‘சம்பாதிச்சுக் காட்டறேன்’’னு தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுட்டேன். பிரெட் 70 ரூபாய்! பன்னிரண்டு ஆர்டர். பாதிப் பேர் அட்வான்ஸே கொடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

2023, மே மாசம், ஞாயிற்றுக்கிழமை. காலையில எட்டு மணிக்குப் பன்னிரண்டு பிரெட்டுக்கும் சேர்த்து ஒரே மாவா பிசைஞ்சேன். அங்கதான் புத்தி வேலை செய்யலை. என் அடுப்பில் ஒரு தடவைக்கு ரெண்டு டின்தான் போகும். ஒரு ஈடுக்கு முக்கால் மணி நேரம்னா ஆறு ஈடுக்கு நாலரை மணி நேரம். முதல் ரெண்டு பிரெட் வேகும்போது மீதி பத்துக்கான மாவு என்னை மதிச்சுக் காத்துக்கிட்டா இருக்கும்? ஃப்ரிட்ஜில் வெக்கலாம்னா வாரத்துக்கான இட்லி மாவு, தயிர், காய்கறி. இடமே இல்லை. மூணாவது ஈடு உள்ளே போகும்போது கரன்ட் வேற கட்! ஒரு மணி நேரம். வேர்த்து ஊத்துது. என் கண் முன்னாடியே மாவெல்லாம் பொங்கி, வழிஞ்சு, ஒவ்வொண்ணா அமுங்குது. தங்கச்சி விசிறியை வெச்சு மாவுக்கு விசிறிக்கிட்டிருந்தா. இன்னிக்கு நினைச்சா சிரிப்பு. அன்னிக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

தேறினது அஞ்சு பிரெட். அஞ்சு எழுபது முந்நூத்தி ஐம்பது. செலவு, பிரெட்டுக்குச் சுமார் 35-னு வெச்சாலும் பன்னிரண்டுக்கு 420. ஏழு வீட்டுக்குப் போய், ‘‘ஸாரி ஆன்ட்டி’’ன்னு சொல்லி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். கடைசி வீட்டு அங்கிள், ‘‘வீட்லேருந்து வித்தாலும் உணவுப் பாதுகாப்புல பதிவு பண்ணணும் தம்பி, பண்ணியா?’’ன்னு ஒரு எக்ஸ்ட்ரா குத்து விட்டார். அவர் சொன்னது உண்மைதான். பிசினஸ் ஆசை இருக்கிறவங்க அதை முதல்ல முடிங்க. அதோட, மாவை ஈடு ஈடா, அரை மணி நேர இடைவெளியில் பிசைங்க.

சாயங்காலம் அப்பா வந்தார். மேடையில் ஏழு குழி விழுந்த பிரெட் அடுக்கியிருந்தது. எதுவும் கேட்கலை. கை கால் கழுவிட்டு வந்து, ஒண்ணை எடுத்து, கத்தியைக்கூடத் தேடாம கையால பிய்ச்சு, டீயில் நனைச்சு சாப்பிட்டார். இன்னொரு துண்டு பிய்ச்சார். ‘‘காய்ச்சல் பிரெட் மாதிரி இல்லையே’’ன்னார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நான் மைதாவைத் தொடலை. ஓ.டி.ஜி.க்கு மேல துணி போட்டு மூடியாச்சு. புதன்கிழமை ராத்திரி கடையிலேருந்து வந்தவர் பையிலிருந்து ஒரு கிலோ மைதா பாக்கெட்டை எடுத்து மேடையில் வெச்சார். ‘‘வெள்ளிக்கிழமை கடையில எட்டுப் பேர் இருப்போம். நாலு மணிக்கு டீ வரும்.’’

காசு கொடுப்பீங்களான்னு கேட்க நாக்கு துடிச்சது. கேட்கலை.

ஜூலையில் ஜாயினிங் மெயில் வந்துடுச்சு. இப்ப சென்னையில் ரூம். அந்தப் பழைய ஓ.டி.ஜி. பஸ் டிக்கியில் பயணம் பண்ணி என்னோடயே வந்துடுச்சு. வாரத்துக்கு ரெண்டு பிரெட், அதுக்கு மேல கிடையாது. ஆர்டர் கேட்கிறவங்களுக்குத் தராசு வாங்குற கடையைக் கைகாட்டி விட்டுடறேன். நடுநடுவே தோத்தும் போறேன். போன சனிக்கிழமை பேசிக்கிட்டே மறந்து உட்கார்ந்துட்டேன், மாவு மறுபடியும் பொங்கி வழிஞ்சிடுச்சு. துண்டு போட்டு, தோசைக்கல்லில் சுட்டு, அம்மா கொடுத்துவிட்ட தக்காளித் தொக்கு தொட்டு நாலு பேரும் முடிச்சோம்.

ஊருக்குப் போற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கணக்கு வேற. கடையில் இப்ப பதினோரு பேராம். ரெண்டு டின் பத்தாது, பன்னா உருட்டிடுன்னு அப்பா நேத்து போன்ல சொன்னார். ஐஸ் கட்டிக்கு ட்ரேயில் தண்ணி ஊத்தி வெச்சுட்டாராம்.